விலை ஏறுகிறது, லாபம் யாருக்கு?

அமெரிக்காவில், புளோரிடா ராஜ்யத்தில், ஆர்லாண்டோ என்று ஓர் ஊர் இருக்கிறது. 1971-ல் டிஸ்னி கம்பெனி அதன் அருகே தன்னுடைய பிரம்மாண்டமான கேளிக்கைப் பூங்காவைத் திறந்தது. அதுவரை ஆரஞ்சுத் தோட்டமும் சதுப்பு நிலமுமாகக் கிடந்த பிரதேசம், பிறகு உலகத்தின் நாலா திசைகளிலிருந்தும் குழந்தை குட்டிகளோடு ஜனங்கள் வந்து குவியும் ஊராகிவிட்டது. அப்படி வருகிறவர்களை ஹோட்டல் கூடத்திலும் கடைத் தெருவிலும் வழிமறிக்கிற ஒரு கூட்டம் அங்கே உண்டு. திருடர்கள் என்று பயப்பட வேண்டாம். சிரித்த முகமும் இஸ்திரி போட்ட சட்டையுமாக இருப்பார்கள்.

"காலைப் பலகாரம் எங்கள் செலவு. பூங்கா டிக்கட்டிலும் ஒரு பங்கு எங்கள் செலவு. தொண்ணூறு நிமிஷம் உட்கார்ந்து நாங்கள் சொல்வதைக் கேட்டால் போதும்" என்பார்கள்.

அந்தத் தொண்ணூறு நிமிஷம் சில சமயம் மூன்று மணி நேரமாக நீளும். அதன் முடிவில் ஒரு மேஜை, ஒரு பேனா, ஒரு பத்திரம். விற்கப்படுவது வீடு அல்ல. வீட்டில் ஒரு வாரம்! இதைத்தான் 'டைம்-ஷேர்' என்கிறார்கள்.

வாங்க வந்தவர் சற்றுத் தயங்கினால், விற்பனையாளர் கடைசி அஸ்திரத்தை எடுப்பார். விலைப் பட்டியல் ஒன்றைக் காட்டுவார். அதில் போன வருஷத்து விலையைவிட இந்த வருஷத்து விலை அதிகமாயிருக்கும். "அடுத்த மாதம் இன்னும் ஏறப் போகிறது. இன்று வாங்குகிறவர் அன்றைக்கே லாபத்தில் நிற்பார். வேண்டாம் என்று தோன்றினால் விற்றுவிடலாம், வாடகைக்கும் விடலாம்" என்பார்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றுகிறது. கம்பெனி விலையை ஏற்றினால், ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவனுடைய சொத்தும் அதோடு சேர்ந்து ஏறத்தானே வேண்டும்? இந்த ஒரு கேள்வியை நம்பி லட்சக்கணக்கான குடும்பங்கள் பணத்தைப் போட்டிருக்கின்றன. ஆகவே அதை நிதானமாக ஆராய்ந்து பார்ப்பதில் தவறில்லை.

தங்கமும் செய்கூலியும்

நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இந்தக் கணக்கு வெகு நன்றாகத் தெரியும். நகைக் கடையில் ஒரு ஜோடி வளையல் வாங்குகிறோம். தங்கத்துக்கு ஒரு விலை. செய்கூலி, சேதாரம் என்று அதன்மேல் இன்னொரு தொகை. நாளைக்கு அதே வளையலை விற்கப் போனால் கடைக்காரர் தராசில் வைத்துத் தங்கத்துக்கு மட்டும் பணம் தருவார். தங்கம் விலை ஏறியிருந்தால் நமக்கு லாபம். ஆனால் தங்கம் அப்படியே இருந்து, கடைக்காரர் செய்கூலியை மட்டும் இரட்டிப்பாக்கியிருந்தால்? புது வளையலின் விலை ஏறியிருக்கும். நம் பழைய வளையலுக்குக் காலணாக்கூட அதிகம் கிடைக்காது.

டைம்-ஷேர் விலை ஏறும்போது கேட்க வேண்டியதும் இதேதான். ஏறியது தங்கமா, செய்கூலியா?

இதற்குப் பதில் காண்பதற்கு முன், இந்த வியாபாரம் எப்படி முளைத்தது என்பதை இரண்டு வார்த்தையில் சொல்லிவிடலாம். 1960-களில் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைப் பக்கத்தில்தான் இதன் ஆரம்பம். ஸ்விட்ஸர்லாந்தில் ஹாப்பிமாக் என்ற ஸ்தாபனம் 1963-ல் தோன்றியது. 1970-களில் பெட்ரோல் நெருக்கடி வந்தபோது புளோரிடாவில் கட்டி முடித்த அடுக்கு வீடுகள் வாங்க ஆளில்லாமல் நின்றன. முழு வீட்டை வாங்க ஆள் இல்லையென்றால், அதை ஐம்பத்திரண்டு வாரங்களாக நறுக்கி ஐம்பத்திரண்டு பேருக்கு விற்கலாமே என்று யாரோ ஒரு புத்திசாலிக்குத் தோன்றிவிட்டது. பிற்பாடு வாரக் கணக்கு மாறிப் 'புள்ளி'க் கணக்கு வந்தது. வருஷத்துக்கு இத்தனை புள்ளிகள் என்று வாங்கிக்கொண்டு, வேண்டிய தேதியில், வேண்டிய அறையில் அவற்றைச் செலவழிக்கலாம்.

வாரமோ, புள்ளியோ, எதுவானாலும் அதற்கு ஒரு வால் உண்டு. அதுதான் வருஷாந்தரப் பராமரிப்புக் கட்டணம். வர்ணம் பூச, மெத்தை மாற்ற, நீச்சல் குளம் சுத்தம் செய்ய, நிலவரி கட்ட, எல்லாவற்றுக்கும் பங்குதாரர்கள்தான் கொடுக்க வேண்டும். அந்த வருஷம் நீங்கள் போய்த் தங்கினாலும் சரி, தங்காவிட்டாலும் சரி, கட்டியாக வேண்டும். இந்தக் கட்டணம் பெரும்பாலும் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகும். அதுதான் இந்தக் கதையில் வில்லன் என்பது போகப் போகத் தெரியும்.

ஒரு டாலருக்கு ஒரு வாரம்

அமெரிக்காவில் டைம்-ஷேரைக் கம்பெனியிடம் நேராக வாங்குவதென்றால், சமீப வருஷங்களில் சராசரியாக 20,000 டாலருக்கு மேல் ஆகிறது. அந்தப் பணத்தில் பெரும் பங்கு விற்பதற்கு ஆகிற செலவுதான். காலைப் பலகாரம், இலவச டிக்கட், வழிமறிக்கிற சிப்பந்தி, பேசி மடக்குகிற விற்பனையாளர், இவர்களுடைய சம்பளமும் கமிஷனும் எல்லாம் அந்த விலைக்குள்தான் ஒளிந்திருக்கின்றன. இதுதான் செய்கூலி.

அப்படி வாங்கியவர் சில வருஷம் கழித்து விற்கப் போகிறார். வாங்க வருகிறவருக்குப் பலகாரம் கொடுக்க இவரால் முடியுமா? அவர் வெறும் பண்டத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார். எதிரே இருப்பவர் தராசை எடுத்துவிடுகிறார்.

அந்தத் தராசு எப்படி நிறுக்கிறது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வாரத்தை வாடகைக்கு விட்டால் 900 டாலர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷாந்தரக் கட்டணம் 1,200 டாலர். கழித்துப் பார்த்தால், இந்தச் சொத்து வருஷத்துக்கு 300 டாலர் நஷ்டத்தைச் சம்பாதித்துக் கொடுக்கிறது! இதை விலை கொடுத்து யார் வாங்குவார்கள்? கம்பெனி தன் பட்டியலில் 20,000-ஐ அழித்துவிட்டு 24,000 என்று எழுதினாலும் இந்தக் கழித்தல் கணக்கில் ஓர் அட்சரம் மாறாது. கம்பெனியின் விலையேற்றம் இந்தத் தராசின் இரண்டு தட்டில் எதையுமே தொடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதெல்லாம் வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. ஈபே என்கிற ஏலச் சந்தையில் இப்படிப்பட்ட வாரங்கள் ஒரு டாலருக்குப் போவது வெகு காலமாக நடந்து வரும் சங்கதி. அந்த ஒரு டாலரை வாங்கிக்கொண்டு, பத்திரம் மாற்றுகிற செலவையும் தாமே ஏற்றுக்கொண்டு, "ஆளை விட்டால் போதும்" என்று கும்பிடு போடுகிற சொந்தக்காரர்களும் உண்டு. அதே வாரத்தை அதே கட்டடத்தின் கீழ்த் தளத்தில் விற்பனையாளர் பல ஆயிரம் டாலருக்கு விற்றுக்கொண்டிருப்பார். மாடியில் ஒரு டாலர். கீழே இருபதினாயிரம் டாலர்!

விதிவிலக்கு ஒன்று

"அப்படியானால் எல்லா டைம்-ஷேரும் வெறும் காகிதம்தானா?" என்று நேயர்கள் கேட்கலாம். இல்லை. விஷயம் இங்கேதான் ஸ்வாரஸ்யமாகிறது.

டிஸ்னி கம்பெனியே 1991-ல் இந்தத் தொழிலில் இறங்கியது. 'டிஸ்னி வெகேஷன் கிளப்' என்று பெயர். பிற்பாடு 'ஓல்ட் கீ வெஸ்ட்' என்று பெயர் பெற்ற அதன் முதல் விடுதி அந்த வருஷம் டிசம்பரில் திறக்கப்பட்டது. அப்போது ஒரு புள்ளியின் விலை சுமார் 50 டாலர். 2019-ல் 'ரிவியரா' என்ற புதிய விடுதியின் புள்ளிகளை விற்பனைக்குக் கொண்டு வந்தபோது ஆரம்ப விலையே 188 டாலர். பிறகு சில வருஷத்துக்குள் 200-ஐத் தாண்டிவிட்டது. ஆக, முப்பது வருஷத்தில் விலை நான்கு மடங்காகியிருக்கிறது.

இங்கே மறுவிற்பனை விலை ஒரு டாலருக்கு வந்துவிடவில்லை. 1990-களின் ஆரம்பத்தில் வாங்கியவர் இருபது, இருபத்தைந்து வருஷம் குடும்பத்தோடு போய்த் தங்கி அனுபவித்துவிட்டு, கொடுத்த விலைக்கு மேலேயே விற்றிருக்கிறார். டைம்-ஷேர் உலகத்தில் இது ஓர் அதிசயம்தான். (நடுவிலே டாலரின் மதிப்பு எவ்வளவு தேய்ந்தது, கட்டணமாக எவ்வளவு கட்டினார் என்றெல்லாம் துருவிக் கேட்டால் அவருடைய முகம் கொஞ்சம் வாடும். இருந்தாலும் அதிசயம் அதிசயம்தான்.)

கம்பெனி விலையை ஏற்றியதால் வந்த அதிசயமா இது? ஓரளவுக்கு ஆம். எப்படியென்று பார்ப்போம்.

முதலாவதாக, அந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று ஜனங்களுக்கு உண்மையான ஆசை இருக்கிறது. பூங்காவுக்குப் பக்கத்திலேயே அந்தக் கம்பெனியின் ஹோட்டலில் ரொக்கம் கொடுத்துத் தங்குவதென்றால் ஓர் இரவுக்குப் பல நூறு டாலர் ஆகும். ஆகவே வாடகை, கட்டணத்தைவிட அதிகம். கழித்தல் கணக்கில் மிச்சம் நிற்கிறது. அந்த மிச்சம்தான் தங்கம்.

இரண்டாவது காரணம் சற்றுச் சூட்சுமமானது. பங்குதாரர் ஒருவர் தம் புள்ளிகளை வெளியாளுக்கு விற்க ஏற்பாடு செய்தால், அதே விலைக்குத் தானே வாங்கிக்கொள்ளும் முதல் உரிமையைக் கம்பெனி ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. யாராவது மிகவும் மலிவாக விற்கப் போனால், கம்பெனி நடுவே புகுந்து எடுத்துக்கொள்ளலாம். கம்பெனியின் சொந்த விலை எவ்வளவுக்கெவ்வளவு உயர்கிறதோ, அவ்வளவுக்கவ்வளவு இப்படி எடுத்துக்கொள்வதில் அதற்கு லாபம். 80 டாலருக்கு வாங்கியதை 200 டாலருக்கு விற்பது யாருக்குத்தான் கசக்கும்? இதனால் மறுவிற்பனை விலைக்கு அடியிலே ஒரு தளம் போட்ட மாதிரி ஆகிறது. கம்பெனியின் விலையேற்றம் அந்தத் தளத்தைக் கொஞ்சம் உயர்த்துகிறது. ஆனால் இது உரிமையே தவிரக் கடமை அல்ல. வேண்டாம் என்று கம்பெனி சும்மா இருந்துவிட்டால் தளமும் இல்லை.

மூன்றாவது, பக்கத்துக் கடை விவகாரம். கம்பெனியிடம் 200 டாலர், வெளியில் 120 டாலர் என்றால் விவரம் தெரிந்தவர்கள் வெளியில் வாங்க வருவார்கள். கம்பெனி தன் விலையை ஏற்ற ஏற்ற, அங்கிருந்து நழுவி இங்கே வருகிறவர்களின் கூட்டம் பெருகும். கூட்டம் பெருகினால் இங்கேயும் விலை ஏறும்.

கம்பெனிக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். அதனால்தான் விலையை ஏற்றும்போதெல்லாம் வேலியையும் உயர்த்த வேண்டியிருந்தது. 2011 மார்ச் மாதத்துக்குப் பிறகு வெளியில் வாங்கியவர்கள் அந்தப் புள்ளிகளைக் கொண்டு டிஸ்னியின் கப்பலில் உல்லாசப் பயணம் போக முடியாது என்று ஒரு வேலி. 2016-ல், வெளியில் வாங்கியவர்களுக்கு அங்கத்தினர் சலுகைகள் கிடையாது என்று இன்னொரு வேலி. 2019 ஜனவரி 19-ந் தேதி வந்தது எல்லாவற்றிலும் பெரிய வேலி. அந்தத் தேதிக்குப் பின் பழைய பதினான்கு விடுதிகளின் புள்ளியை வெளியில் வாங்கியவர், ரிவியராவிலோ அதற்குப் பிறகு வரும் புது விடுதிகளிலோ அதைச் செலவழிக்க முடியாது. ரிவியராவின் புள்ளியை வெளியில் வாங்குகிறவர் ரிவியராவில் மட்டுமே தங்கலாம். வேறு எந்த விடுதிக்கும் அதைக் கொண்டு போக முடியாது.

இதன் விளைவைப் பாருங்கள். ரிவியரா புதுக் கட்டடம். அதன் ஒப்பந்தம் 2070 வரைக்கும் செல்லும். கம்பெனியின் விலை 200-க்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் வெளிச் சந்தையில் அதே புள்ளி நூற்றுச் சொச்சம் டாலருக்குக் கைமாறியது. காரணம், கம்பெனியிடம் வாங்கியவர் கையிலிருந்ததும், அவரிடமிருந்து இன்னொருவர் கைக்குப் போவதும் ஒரே பண்டம் அல்ல. கைமாறும்போதே பாதி உரிமைகள் உதிர்ந்துவிடுகின்றன. முதல் கையில் முழு வளையல்; இரண்டாம் கையில் உடைந்த வளையல்!

பட்டியல் விலையும் பேசி முடித்த விலையும்

இன்னொரு சங்கதியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கம்பெனி ஏற்றுகிற விலையும், வாங்குகிறவர் கொடுக்கிற விலையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஆடி மாதத்தில் நம் ஜவுளிக் கடைகளில் நடக்கிற கூத்து அங்கே வருஷம் முழுவதும் நடக்கிறது. பட்டியலில் விலையை ஏற்றுவார்கள். மறு கையால், இத்தனை புள்ளிக்கு மேல் வாங்கினால் இவ்வளவு தள்ளுபடி என்பார்கள். மறுவிற்பனைச் சந்தை தள்ளுபடி போக மிஞ்சிய விலையைத்தான் பார்க்கிறதே ஒழியப் பட்டியலை அல்ல.

விற்றுத் தீர்ந்த பழைய விடுதிகள் விஷயத்தில் பட்டியல் விலைக்கு வேறொரு உபயோகம் இருக்கிறது. பழைய விடுதியின் விலையைப் புது விடுதியின் விலைக்கு மேலேயே வைத்துவிட்டால், வருகிறவர்கள் தாமாகவே புது விடுதியின் பக்கம் திரும்புவார்கள். கம்பெனி விற்க விரும்புவது புதியதை. ஆகவே பழையதன் பட்டியல் விலை ஒரு விலையே அல்ல. "இந்தப் பக்கம் வராதீர்கள்" என்று எழுதி மாட்டிய பலகை. அதைப் பார்த்து, "நம் புள்ளிக்கு இவ்வளவு விலையா!" என்று பூரித்துப் போகிற பழைய பங்குதாரர்களை என்ன சொல்வது!

இதற்கெல்லாம் மேலாக 2022-ம் வருஷமும் 2023-ம் வருஷமும் ஒரு பாடத்தைக் கற்பித்துவிட்டுப் போயின. கொரோனாவினால் 2020 மார்ச்சில் பூங்காக்கள் மூடப்பட்டபோது மறுவிற்பனை விலை தளர்ந்தது. திரும்பத் திறந்த பின், வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஜனங்கள் ஊர் சுற்றக் கிளம்பினார்கள். விலை ஜிவ்வென்று ஏறி 2022-ல் உச்சத்தைத் தொட்டது. பிறகு அமெரிக்காவின் மத்திய பாங்கி வட்டி விகிதத்தை ஏற்றத் தொடங்கியது. 2022-ன் தொடக்கத்தில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த வட்டி, 2023-ல் ஐந்து சதவிகிதத்துக்கு மேல் போய்விட்டது. கடன் வாங்கிப் புள்ளி வாங்குகிறவர்கள் பின்வாங்கினார்கள். மறுவிற்பனை விலை இறங்கியது. அப்போது கம்பெனியின் பட்டியல் விலை? அது பாட்டுக்கு ஏறிக்கொண்டுதான் இருந்தது! இரண்டும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை என்று நம்பியிருந்தவர்கள் அந்த வருஷம் திகைத்துப் போனார்கள்.

வாடகைக்கு விடுகிறவர் கதை

"விற்க வேண்டாம், புள்ளியை வாடகைக்கு விட்டுப் பிழைத்துக்கொள்கிறேன்" என்பவரையும் பார்ப்போம். டிஸ்னியின் புள்ளிகளை இப்படி வாடகைக்கு விடுவது சகஜம். அதற்கென்றே தரகர்கள் இருக்கிறார்கள். சமீப வருஷங்களில், தங்க வருகிறவர் புள்ளிக்கு 20 டாலரை ஒட்டிக் கொடுக்கிறார்; தரகு போகச் சொந்தக்காரர் கைக்கு அதைவிடக் குறைவாக வந்து சேருகிறது. 2024-ல் பெரும்பாலான விடுதிகளில் வருஷாந்தரக் கட்டணம் புள்ளிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 டாலர் வரை இருந்தது.

இந்த 20 டாலரை நிர்ணயிப்பது யார்? புள்ளியை 50 டாலருக்கு வாங்கியவரும் வாடகைக்கு விடுகிறார். 200 டாலருக்கு வாங்கியவரும் விடுகிறார். தங்க வருகிற குடும்பம், "ஐயா, நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள்?" என்று கேட்பதில்லை. அவர்கள் பார்ப்பது ஹோட்டலின் ரொக்க வாடகையை. ஓர் அறைக்கு இரவுக்கு 20 புள்ளி வேண்டும் என்று வைத்துக்கொண்டால், புள்ளி வாடகைப்படி 400 டாலர் ஆகிறது. ஹோட்டலில் அதே அறைக்கு 600 டாலர் கேட்டால், 200 டாலர் மிச்சம் என்று சந்தோஷமாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஹோட்டல் வாடகை குறைந்தாலோ, பெரிய தள்ளுபடி அறிவிக்கப்பட்டாலோ, புள்ளி வாடகையும் இறங்கியே தீரும். கம்பெனி புள்ளி விற்கும் விலைக்கு இந்தச் சந்தையில் நேரடியாக ஒரு வேலையும் இல்லை.

மறைமுகமாகக் கொஞ்சம் உண்டு. விலை எட்டாத உயரத்துக்குப் போகும்போது, வாங்கலாமா என்று யோசித்தவர்கள் வாங்காமல் வாடகைக்கு வருகிறார்கள்; அது வாடகையை உயர்த்தும். ஆனால் அதே சமயத்தில் கம்பெனி புதுப் புது விடுதிகளைக் கட்டி விற்கிறது. அதிக விலை கொடுத்துவிட்டுப் போக முடியாமல் தவிக்கிறவர்கள் தங்கள் புள்ளிகளையும் சந்தைக்குக் கொண்டு வருகிறார்கள். அது வாடகையை இறக்கும். இந்த இரண்டில் எது ஜயிக்கும் என்பது அந்தந்த வருஷத்தைப் பொறுத்தது.

அதோடு புள்ளிக்கு ஆயுள் உண்டு. இந்த வருஷத்துப் புள்ளியை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போடலாம். அதற்கும் மேல் தள்ள முடியாது. தேதி நெருங்கிவிட்டால், சாயங்காலச் சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவள் நிலைதான். 20 டாலர் கேட்டவர் 14-க்கும் 12-க்கும் இறங்குவார். இதற்கு நடுவே, வியாபார நோக்கத்தோடு வாடகைக்கு விடக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தும் இருக்கிறது. அத்தை பிள்ளைக்கோ சிநேகிதருக்கோ எப்போதாவது விடலாம். அதையே தொழிலாக வைத்துக்கொண்டால் கம்பெனி கேள்வி கேட்கலாம்.

இப்போது தராசை மறுபடியும் எடுத்துப் பார்ப்போம். சொந்தக்காரர் கைக்கு 17 டாலர் வந்து, 9 டாலர் கட்டணம் போனால் மிச்சம் 8 டாலர். அந்தப் புள்ளியை வெளியில் 80 டாலருக்கு வாங்கியவர் பத்து வருஷத்தில் போட்டதை எடுத்துவிடுவார். கம்பெனியிடம் 200 டாலருக்கு வாங்கியவருக்கு இருபத்தைந்து வருஷம் ஆகும்; வட்டியையும் சேர்த்தால் அதற்கு மேலும் ஆகும். விலையேற்றத்தினால் வாடகைக் கணக்குக் கெட்டுப்போவது, ஏறிய விலையில் வாங்குகிறவருக்குத்தான். தாமே குடும்பத்தோடு போய்த் தங்கி அனுபவிக்கிறவர் கணக்கு வேறு. அவர் வாடகை வருமானத்தை எதிர்பார்த்து வாங்கவில்லை.

தொலைபேசியில் வரும் ஆபத்து

விலைப் பட்டியலை நம்பி ஏமாறுவது இதோடு நிற்பதில்லை. விற்க முடியாமல் தவிக்கிற சொந்தக்காரருக்கு ஒரு நாள் தொலைபேசி மணி அடிக்கும். "உங்கள் வாரத்தை 25,000 டாலருக்கு வாங்க ஒரு கனவான் தயாராயிருக்கிறார். பத்திரச் செலவும் வரியும் 2,000 டாலர், அதை மட்டும் முதலில் அனுப்புங்கள்" என்று ஒரு குரல் தேனொழுகப் பேசும். கம்பெனி கீழ்த் தளத்தில் இருபதினாயிரத்துக்குமேல் விற்பது இவருக்குத் தெரியுமாதலால் அந்தத் தொகை அவருக்கு அநியாயமாகப் படாது. பணத்தை அனுப்புவார். அப்புறம் இன்னொரு வரி, இன்னொரு கட்டணம் என்று வந்துகொண்டேயிருக்கும். அந்தக் கனவான் மட்டும் வரமாட்டார். 2023 மார்ச்சில் அமெரிக்க நிதி இலாகா, இந்த மாதிரி மோசடியில் சம்பந்தப்பட்டவை என்று எட்டு மெக்ஸிகோ கம்பெனிகளைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுக்குப் பின்னால் இருந்தது ஜலிஸ்கோவின் போதை மருந்துக் கும்பல் என்றால், இதில் புரளும் பணத்தை ஊகித்துக்கொள்ளுங்கள். ஏமாந்தவர்களில் பலர் வயோதிகர்கள்.

விற்கிறவர் முன்பணம் கொடுக்க வேண்டும் என்று யார் கேட்டாலும், தொலைபேசியைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான். புதிதாக வாங்கி மாட்டிக்கொண்டவருக்குப் புளோரிடாவின் சட்டம் ஒரு சந்தர்ப்பம் தருகிறது. கையெழுத்துப் போட்ட பத்து நாளைக்குள் எழுத்து மூலம் தெரிவித்தால், காரணம் சொல்லாமலே ஒப்பந்தத்தை ரத்து செய்துவிடலாம். அந்தப் பத்து நாளில், தாம் வாங்கிய அதே வாரம் வெளியில் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்தவர்கள் எத்தனையோ ஆயிரம் டாலரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் நாட்டுக்கும் இந்த வியாபாரம் புதிதல்ல. சென்னையில் ஸ்டெர்லிங் ஹாலிடே ரிசார்ட்ஸ் 1986-ல் தோன்றியது. மகிந்திரா ஹாலிடேஸ் 1996-ல் தொடங்கி, 25 வருஷ அங்கத்தினர் திட்டத்தைப் பிரபலமாக்கியது. புளோரிடாவில் டிஸ்னி கொடுப்பது பதிவு செய்த பத்திரம். இங்கே கிடைப்பது இத்தனை வருஷம் தங்கிக்கொள்ளும் உரிமை. ஊட்டியிலோ கோடைக்கானலிலோ அறை எடுத்துத் தங்குவதற்கு ரொக்கமாக என்ன ஆகிறது, வருஷாந்தரக் கட்டணம் என்ன, இன்னும் எத்தனை வருஷம் பாக்கி என்ற மூன்றையும் காகிதத்தில் எழுதிப் பார்த்தால், இங்கேயும் அதே தராசுதான்.

பாக்கி வருஷம் என்றதும் ஞாபகம் வருகிறது. தென்னந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவருக்குத் தேங்காய் விலை எவ்வளவு ஏறினாலும், குத்தகை முடிகிற வருஷம் வந்துவிட்டால் தோப்பு அவருடையது அல்ல. டிஸ்னியின் முதல் விடுதியான ஓல்ட் கீ வெஸ்டின் ஒப்பந்தம் 2042 ஜனவரி 31-ந் தேதி முடிகிறது. 2057 வரை நீட்டித்துத் தருவதாகக் கம்பெனி ஒரு சமயம் சொன்னபோது, சிலர் கூடுதல் பணம் கட்டி நீட்டித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். போர்ட்வாக், பீச் கிளப், வீரோ பீச், ஹில்டன் ஹெட் முதலான விடுதிகளுக்கும் அதே 2042 ஜனவரிதான் கெடு. அவற்றின் சொந்தக்காரர்கள் இப்போது இரண்டு காலண்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்றில் கம்பெனியின் விலை வருஷா வருஷம் ஏறுகிறது. மற்றொன்றில் தங்கள் வருஷங்கள் ஒவ்வொன்றாகக் கழிகின்றன. விற்பதாயிருந்தால் எந்த வருஷத்தில் விற்பது என்று குடும்பத்துக்குக் குடும்பம் விவாதம் நடக்கிறது. "இன்னும் நாலு வருஷம் போகட்டும், பேத்தி கொஞ்சம் வளரட்டும்" என்று சொல்லிக்கொண்டு, பெரும்பாலானவர்கள் அடுத்த விடுமுறைக்கு அறை பதிவு செய்துகொண்டிருக்கிறார்கள்.